இருபத்தேழு அமுக்கு

உரும்பிராய்,
20.09.2006

லெச்சுமிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்று ஒரு சொல் எழுதித் தப்பிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? ஆறு கிழமையாக உன்னிடமிருந்து ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. நான் இரண்டு கடிதம் போட்டேன். வந்து சேர்ந்தனவோ, கடலில் விழுந்தனவோ தெரியாது. இங்கே தபால் இப்போது கப்பலில்தான் போகிறது. உன்னோடு கோபிப்பதற்கும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டிய நிலைமை.

நல்லூர்த் திருவிழா பார்த்துவிட்டு இரண்டே கிழமையில் தலவாக்கலைக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தானே பஸ் ஏறினேன். ஆகஸ்ட் பதினோராம் திகதி சண்டை தொடங்கி, தெற்கே போகிற ஒரே பாதையைப் பூட்டிவிட்டார்கள். போன் வேலை செய்வதில்லை. இருட்டுமுன் ஊரடங்கு. வெளியே போக பாஸ் வேண்டும், பாஸுக்கு எழுதிக் கொடுக்க ஒரு வரிசை, கொடுத்ததைப் பதிந்துகொள்ள இன்னொரு வரிசை. எங்கள் இலக்கம் மூவாயிரத்துச் சொச்சம். அப்பாவின் கவலை வேறு மாதிரி. சோமசுந்தரம் மாஸ்டராகிய தான் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கெல்லாம் கணக்குப் பாடம் யார் எடுப்பது என்று வரிசையில் நின்றபடியே புலம்புகிறார்.

நல்ல வேளை, கரப்பந்தைக் கொண்டுவந்தேன். குசினிச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அப்பா வந்து, "உந்தச் சத்தத்துக்கு ஆமிச் சென்றியில நிக்கிறவன் என்னெண்டு நினைப்பான்? பந்தை உள்ள வை பிள்ளை" என்று சொல்லிவிட்டார். இப்போது பந்தில்லாமல் முற்றத்தில் ஓடிவந்து குதித்து வெறுங்காற்றை அடிக்கிறேன். பக்கத்து வீட்டு மாமி எனக்கு ஏதாவது பிடித்துவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டாளாம்.

நீ தூக்கிக் கொடுக்காமல் நான் எதை அடிப்பது, சொல். நம் விரல் கணக்கையாவது மறக்காதே. முதுகுக்குப் பின்னால் நான் ஒரு விரல் காட்டினால், உன் மூக்குக்கு முன்னாலேயே சின்னதாகப் போடு. இரண்டு என்றால், உயரமாகத் தூக்கிப் போடு, நான் தூரத்திலிருந்து ஓடி வருகிறேன். மூன்று என்றால் பின்பக்கம். இதைத் தினமும் சொல்லிப் பார்க்கிறேன், தேவாரம் மாதிரி.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று பயந்து என் போனை உன்னிடம் விட்டுவந்தேனே, அதைப் பத்திரமாக வைத்திரு. பெரியம்மாவின் வெள்ளவத்தை நம்பர் அதில் இருக்கிறது. என்ன ஏது என்று அவவிடம் கேட்டுக்கொள். எனக்கு ஒரு வரி எழுது.

ஊர்மிளா


வட்டகொடை,
25.10.2006

அடியே ஊர்மி,

உன் கடிதம் நேற்று வந்தது. முந்தின இரண்டும் வரவில்லை. கோபிக்க உனக்கு உரிமை இருக்கிறது, கோபி. ஆனால் நான் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. பேனாவைப் பிடிக்க முடியவில்லை. இதை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைச் சொருகி எழுதுகிறேன். கோழிக்கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வலது பெருவிரல், ஊர்மி. விரல் முடிந்து மணிக்கட்டுத் தொடங்குகிற இடம். ஆகஸ்டில் சும்மா குடைச்சலாக ஆரம்பித்தது. இப்போது தலைமுடி பின்ன முடியாது, தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முடியாது. பந்து விரல் நுனிக்கு வருகிறபோது நெருப்புத் தணலில் கை வைத்ததுபோல் கையை இழுத்துக்கொள்கிறேன். தூக்கிக் கொடுக்கிறவள் கையை இழுத்தால் அப்புறம் என்ன ஆட்டம்?

எல்லாம் உன் போனால் வந்தது. பாதையைப் பூட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், பத்தாம் நம்பர் மலைப் பாறையில் ஏறி உன் பெரியம்மாவுக்கு மெசேஜ் தட்டினேன். எங்கள் தோட்டத்தில் அந்தப் பாறையில் மட்டும்தான் சிக்னல். அப்போது செவனம்மா அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு அந்த வழியாக வந்தாள். அவள் மகன் அழகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான், நீ பார்த்திருக்கிறாய். "ஏம் புள்ள, அழகனுக்கு நல்லா இருக்கோம்னு ஒரு வரி தட்டி விடேன்" என்றாள். தட்டினேன். அரை மணியில் அவன் பதில் வந்தது. செவனம்மா அக்கா அந்தப் போனை வாங்கி, வாசிக்கத் தெரியாமலே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மூன்று பேர். அடுத்த கிழமை எங்கள் வரிசை வீட்டு லயம் முழுவதும். எங்கள் லயத்தில் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பாத வீடு எது? கடை, வீட்டு வேலை, உடுப்புத் தொழிற்சாலை என்று எல்லா வீட்டிலும் ஒருத்தர் அங்கே. அங்கே இப்போது சுற்றிவளைப்பு, தமிழ்ப் பிள்ளையென்றால் பிடித்துக்கொண்டு போய் விசாரணை. அதனால் காலையில் ஒரு மெசேஜ், பின்னேரம் ஒரு மெசேஜ் வராவிட்டால் தாய்மார் சோறு உண்பதில்லை. போனில் தமிழ் இல்லை, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டவேண்டும். உன் போனின் பொத்தான்களில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோய்விட்டது, நீ எப்படித்தான் தட்டினாயோ! எந்தப் பொத்தானில் எந்த எழுத்து என்று இந்த லயத்தில் எனக்கு மட்டும்தான் மனப்பாடம்.

இனித்தான் முக்கியமான விஷயம். கொழும்புப் பக்கம் ஒரு உடுப்புத் தொழிற்சாலை பெண்கள் கரப்பந்து அணி சேர்க்கிறது. பெப்ரவரி இருபத்துநாலு நுவரெலியாவில் தெரிவு. எடுபட்டால் வேலை, தங்க இடம், வருஷம் முழுக்க விளையாட்டு. தூக்கிக் கொடுக்கிறவளாக ஒரே ஒருத்தியைத்தான் எடுப்பார்களாம். பிரதீபன் சேர் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். எடுபடாவிட்டால் என்ன என்று உனக்குத் தெரியும். சித்திரைக்குப் பிறகு தோட்டத்தில் பேர் பதிந்து, அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்துக்கு நிற்பேன். அப்பா போனபின் பேரில் இருப்பது அம்மா மட்டும்தான், இன்னொரு பேர் இல்லாவிட்டால் நாங்கள் இருக்கிற இந்த ஒற்றை அறைக் காம்பரா கைவிட்டுப் போகும் என்கிறார்கள். ஆக பெப்ரவரி இருபத்துநாலைத் தவிர எனக்கு வேறு வாசல் இல்லை.

இன்னும் ஒன்று. எழுதவே வெட்கமாக இருக்கிறது. போன மாதம் பயிற்சியில் பந்தைத் தொடர்ந்து தவறவிட்டேன். அம்மா பார்க்க வந்திருந்தாள். சேர் எல்லாருக்கும் முன்னால் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "லீவு நாள்ல கொழுந்துக்கு அனுப்புறீங்களாம்? உங்க புள்ள கைய நீங்களே கெடுக்குறீங்களே!" என்றார். அம்மா, "ரெண்டு ஞாயித்துக்கெழமதாங்க சேர் வந்துச்சு" என்று தலையைக் குனிந்தாள். நுவரெலியா ஆஸ்பத்திரியிலும் அதே கதை. டாக்டர் என் பெருவிரலை உள்ளே மடக்கி, மூடின கையைக் கீழே சாய்த்தார். நான் கத்திவிட்டேன். என்ன வேலை செய்கிற கை என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "தளு கடனவா, மாத்தயா" என்றாள். கொழுந்து பறிக்கிற கையாம். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஓய்வு கொடுக்காவிட்டால் தசைநார் இப்படியே நின்றுவிடும் என்றார்.

இரண்டு இடத்திலும் நான் வாயைத் திறக்கவில்லை. போன் என்று சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள். பத்தொன்பது வீட்டுக்காரரும் பாறையடியில் வந்து நிற்பார்கள். அம்மா அன்றிலிருந்து மைதானத்துப் பக்கம் வருவதில்லை.

லெச்சுமி


உரும்பிராய்,
30.11.2006

லெச்சுமி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் மா இடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் உலக்கையை வாங்கி நானே இடித்தேன். உனக்கு என்ன விசரா? ஆயுளில் ஒரு தடவை வருகிற தெரிவு. அதற்கு உன்னிடம் இருப்பது இரண்டு கை. அதில் ஒன்றை லயத்துப் பெண்களுக்குத் தானம் செய்துகொண்டிருக்கிறாய். நீ அவர்களுக்கு என்ன கிளாக்கரா? அவர்களுடைய பிள்ளைகளுக்கு அவர்கள் தபாலட்டை போடட்டும். எங்கள் வீட்டுக்கு ஒரு வரி வர நாற்பது நாள் ஆகிறது, நாங்கள் சோறு உண்ணாமலா இருக்கிறோம்?

போனை எறி. என் போன்தானே, நான் சொல்கிறேன், கொத்மலை ஓயா ஆற்றில் எறி. அதை உன்னிடம் விட்டுவந்த என் கையை முறிக்க வேண்டும்.

அம்மாவிடம் உண்மையைச் சொல். சேர் திட்டும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய் என்பதை வாசித்தபோது எனக்கு உன்னை யாரென்றே தெரியவில்லை. உன் அம்மா எனக்கு அவித்துத் தந்த மரவள்ளிக் கிழங்கு எத்தனை! அந்த மனுசியைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் குனிய வைத்துவிட்டு நீ என்னத்தைத் தூக்கிக் கொடுக்கப் போகிறாய்?

பாஸ் இன்னும் இல்லை. மைதானத்துக்குள் முள்ளுக்கம்பி போட்டுவிட்டார்கள். நான் இப்போது முற்றத்தில் குதிப்பதுமில்லை.

ஊர்மிளா


வட்டகொடை,
04.01.2007

ஊர்மிளா,

லயத்துப் பெண்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லை மட்டும் நாலு தடவை வாசித்தேன். நானும் லயத்துப் பெண்தான், உனக்கு மறந்துவிட்டதா? மரவள்ளிக் கிழங்கை எங்கே உட்கார்ந்து தின்றாய்? மாஸ்டர் வீட்டுப் பிள்ளை லயத்துக்கு வந்து போவது விருந்தாட்டம். நாங்கள் அங்கேயே இருக்கிறோம். தபாலட்டை போடட்டும் என்கிறாய். எழுதத் தெரிந்தால் போடமாட்டார்களா? செவனம்மா அக்கா அம்மாவின் பேறுகாலத்தில் மூன்று மாதம் எங்களுக்குத் தண்ணீர் சுமந்தவள். அவளிடம் நான் மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? உன் ஊரில் உனக்குப் பாதையைப் பூட்டினார்கள். எனக்கு யாரும் பூட்டவில்லை, நான்தான் நகர முடியாமல் நிற்கிறேன்.

இப்படி எழுதிவிட்டு மூன்று நாள் கடிதத்தை வைத்திருந்தேன். கிழிக்க மனம் வரவில்லை. ஏனென்றால் பாதி நீ சொன்னது சரி.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கோபத்தில் கத்துவாள் என்று நினைத்தேன். கையில் இருந்த ரொட்டி மாவை அப்படியே வைத்துவிட்டு, "மூணு மாசமா அந்தப் பேச்ச நான் சொமந்துக்கிட்டுத் திரியறேன். நீ வாய்ல என்னா வச்சிருந்த?" என்று கேட்டாள். அவ்வளவுதான். நாலு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். ஊர்மி, அடித்திருந்தால் தேவலை.

ஐந்தாம் நாள் அரைநாள் வேலையோடு இறங்கி, இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். கேட்டடியில் பிரதீபன் சேரை நிறுத்தி, "எம் புள்ள கைய நான் கெடுக்கலங்க சேர். அது போன் தட்டித் தட்டிக் கெட்டுச்சு. அன்னிக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னீங்க, இன்னிக்கு எல்லாருக்கும் முன்னால நான் சொல்றேன்" என்றாள். நம் அணிப் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றார்கள். சேர் முகம் கறுத்துப்போய், "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். அம்மா மலைக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் நின்ற இடத்தில், "எம் புள்ள கை சரியாகுற வரைக்கும் யாரும் பாறைக்குக் கூப்புடாதீங்க" என்று அறிவித்துவிட்டாள். யாரும் முகம் கோணவில்லை. செவனம்மா அக்காதான் முதலில், "சரி மீனம்மா, புள்ள வெளயாடட்டும்" என்றாளாம். போனை நிறுத்தி, அம்மா தன் பழைய சேலையில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

தெரிவுக்கு ஏழு கிழமை இருக்கிறது. விரலில் வெந்நீர் ஒத்தடம், துணிக்கட்டு. இன்று கோப்பையைத் தூக்கினேன்.

உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் எழுது.

லெச்சுமி


உரும்பிராய்,
02.02.2007

என் லெச்சுமி,

மன்னித்துவிடு. அந்தச் சொல்லை எழுதிய விரல் என்னுடையதுதான், சாட்டு ஒன்றும் சொல்லமாட்டேன். ஆறு வருஷம் உன்னோடு ஒரே பந்தைப் பங்குபோட்டு ஆடிவிட்டு, ஒரு பாதை பூட்டியதும் நான் மாஸ்டர் மகளாகிவிட்டேன். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அவள் சொன்னதில என்ன பிழை?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

கேள், எனக்கு ஒன்று தோன்றியது. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், இங்கே வாசிக்க வேறென்ன இருக்கிறது? எல்லாத் தாய்மாரும் தட்டச் சொல்வது ஒன்றேதான்: நல்லா இருக்கோம். இதை என் போனில் தட்டுவதற்கு எத்தனை தடவை பொத்தானை அமுக்க வேண்டும் என்று மேசையில் விரலால் தட்டி எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழு. லெச்சுமி, இருபத்தேழு அமுக்கு! பத்தொன்பது வீடு, காலையும் பின்னேரமும். ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு நாளைக்கு நாம் பயிற்சியில்கூட அத்தனை பந்து தொட்டதில்லை.

நாம் ஆட்டத்தில் பேசினோமா? முதுகுக்குப் பின்னால் ஒரு விரல், அவ்வளவுதானே. அதையே அவர்களுக்கும் கொடு. 1 என்றால் நல்லா இருக்கோம். 2 என்றால் காசு அனுப்பியிருக்கிறேன். 3 என்றால் வீட்டுக்கு வருகிறேன். 9 என்றால் ஆபத்து, பிடித்துவிட்டார்கள், தோட்டத்து ஆள் என்கிற கடிதம் அனுப்பு. ஒரே அமுக்கு. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் எண் தெரியும், தராசில் தினமும் பார்க்கிறவர்கள்தானே. அவர்களே ஆளுக்கு ஒரு தடவை அமுக்கிக்கொள்ளலாம், நீ பாறைக்கே போகவேண்டாம்.

போனைப் பெட்டியில் பூட்டிவைப்பது எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது. எறி என்று சொன்னவளும் நான்தான். ஆனால் உன் கடிதத்துக்குப் பிறகு அந்தப் பாறையடியில் நிற்கிறவர்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன். உடனே இதைச் செய். இன்றைக்கே தபாலில் போடுகிறேன், அப்பா சைக்கிளில் கொண்டுபோகிறார். இருபத்துநாலாம் திகதிக்கு முன் உன் கையில் இருக்க வேண்டும் என்று நல்லூரானுக்கு நேர்ந்திருக்கிறேன்.

ஊர்மி


வட்டகொடை,
01.03.2007

ஊர்மி,

எடுபடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்துமூன்றாம் திகதி, வெள்ளிக்கிழமை, பின்னேரம் செவனம்மா அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "தட்ட வேணாம் புள்ள, தொறந்து பாத்துட்டு மட்டும் சொல்லு. ஊரெல்லாம் புடிக்கிறாங்களாம், கொழும்புலருந்து வந்தவுங்க சொல்றாங்க" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள், பெட்டியைத் திறந்தாள்.

பாறையில் ஏறிப் போனைப் போட்டதும் மெசேஜ்கள் வந்து விழத் தொடங்கின. நிற்கவே இல்லை, அறுபத்துநாலு. அதில் பன்னிரண்டாம் திகதி அனுப்பியது ஒன்று, அழகனோடு ஒரே அறையில் இருக்கிற பையனுடையது. அழகனைப் பிடித்துவிட்டார்கள், தோட்டத்து ஆள்தான் என்று தோட்டத் துரையின் கடிதமும் கிராம சேவகர் கடிதமும் பிறப்புப் பத்திரமும் உடனே வேண்டும் என்று. பதின்மூன்றாம் திகதி அதே. பதினைந்து, பதினெட்டு, இருபது, அதே. பதினொரு நாள் அது அம்மாவின் சேலைக்குள் கிடந்திருக்கிறது, ஊர்மி. நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வாசித்துச் சொன்னேன். செவனம்மா அக்கா ஒரு சொல் திட்டவில்லை. அப்படியே பாறையில் உட்கார்ந்து, "என்னா செய்யணும், சொல்லு" என்றாள்.

இடது கையால் தட்டலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. பொத்தானில் எழுத்து இல்லை, எந்த எழுத்து எங்கே என்று என் வலது பெருவிரலுக்குத்தான் தெரியும், இடது கைக்குத் தெரியாது. துணிக்கட்டை அவிழ்த்துவிட்டு வலதாலேயே தட்டினேன். அந்தப் பையனுக்கு, கடைக்காரருக்கு, அப்புறம் ஐம்பது நாளாகத் தாயிடமிருந்து ஒரு சொல்லும் கிடைக்காமல் கெஞ்சிக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளுக்கு. பாறையடியில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காமல் நின்றார்கள், அதுதான் கஷ்டம். அம்மா ஒரு தடவை வந்து கையைப் பிடித்தாள், பிறகு அவளே விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை விரல் வீங்கி உருண்டிருந்தது. தெரிவு தொடங்குமுன் சேர் இறுக்கிக் கட்டிவிட்டார். முதல் பத்துப் பந்து அழகாகப் போனது, அந்த அம்மா, தெரிவு செய்கிறவர், குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன். பதினோராவது பந்து கைக்கு வந்தபோது கையை இழுத்துக்கொண்டேன். அடுத்ததும். அதற்கடுத்தது என் முகத்தில் விழுந்தது. அந்த அம்மா விளையாட்டை நிறுத்தி, "நங்கி" என்று தங்கையைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டு, என் பெருவிரலை மெதுவாகத் தொட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாவலப்பிட்டிப் பிள்ளை ஒருத்தியை எடுத்தார்கள். நன்றாகத்தான் ஆடினாள், சண்டாளி.

அழகன் நேற்று வெளியே வந்துவிட்டான். செவனம்மா அக்காவின் தம்பி கடிதங்களோடு ரயிலேறிப் போனான். பதினாறு நாள் உள்ளே இருந்திருக்கிறான், அதில் பதினொரு நாள் என்னுடையது. விரலைப் பார்க்காமல் தினமும் பாறைக்குப் போயிருந்தால் அவன் இரண்டாம் நாளே வந்திருப்பான். அவனை விட்டுவிட்டு விரலைப் பார்த்தும் விரல் நிற்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருக்கிறது. யாரை நொந்துகொள்வது என்றுகூடத் தெரியவில்லை.

லெச்சுமி


வட்டகொடை,
09.03.2007

ஊர்மி,

பெப்ரவரி இரண்டாம் திகதிக் கடிதம் இன்று வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்பது.

தோட்டத்துத் தபால்காரரிடம் வாங்கி, பாதையிலேயே நின்று வாசித்தேன். வாசித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு வீடு வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன். இரண்டு கிழமைக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா! நம் இரண்டு பேருக்கும் கைவசம் இருந்ததுதானே, ஆறு வருஷமாக முதுகுக்குப் பின்னால் காட்டிக்கொண்டிருந்ததுதானே. எனக்கு ஏன் தோன்றவில்லை?

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இன்று இதற்குமேல் எழுத முடியாது.

லெச்சுமி


உரும்பிராய்,
10.04.2007

லெச்சுமி,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. நான் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. கப்பலைத் திட்டலாம், கேட்காது.

அப்பாவுக்கு மட்டும் பாஸ் கிடைத்திருக்கிறது, அரசாங்க ஆசிரியர் என்பதால். இளம் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு இல்லையாம், இன்னும் விசாரிக்க வேண்டுமாம். என்னத்தை விசாரிப்பார்கள்? தூக்கிப் போட்டால் அடிப்பேன், வேறென்ன தெரியும் எனக்கு? இந்தக் கடிதத்தை அப்பாவின் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், அதனால் இதுவாவது உன்னிடம் நேரத்துக்கு வரும்.

படலை வரைக்கும் போய் அப்பாவை வழியனுப்ப நினைத்திருக்கிறேன், கால் எழும்புமோ தெரியாது. "நீ வராட்டி நான் என்னெண்டு போறது?" என்று அவர் நேற்றிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டார். போகத்தான் வேண்டும். நீங்கள் அங்கே கணக்கில்லாமல் கெட்டுப்போயிருப்பீர்களே.

பதினொரு நாளை உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. பாதையைப் பூட்டியது நீயா? அழகனைப் பிடித்தது நீயா? எனக்கு அடிக்கடி இப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, போனை விட்டுவந்ததற்காக. நீயும் சொல்லிப் பார். பாதி நாள் வேலை செய்கிறது.

கைபேசியை இங்கே திரும்பத் திறக்கப் போவதாக ஒரு கதை உலாவுகிறது. நம்பாதே. நானும் நம்பவில்லை.

ஊர்மி


வட்டகொடை,
20.05.2007

அடி ஊர்மி,

சோமசுந்தரம் மாஸ்டர் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். லயத்துக்கே நடந்து வந்து, காம்பராவுக்குள் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். மெலிந்துவிட்டார். என் கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கையாலயா பிள்ளை எழுதினனீ?" என்று கேட்டார். அப்புறம் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மே முதலாம் திகதி பேர் பதிந்துவிட்டேன். பிரதீபன் சேர் அன்று விஷயம் தெரியாமல் சொன்ன குற்றம் இப்போது உண்மையாகிவிட்டது, கொழுந்து பறித்தே கை கெடுகிறது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால்தான் கொழுந்து ஒடியும். எனக்குச் சேர மறுக்கிறது. மற்றவர்கள் பதினாறு கிலோ நிறுக்கிற நேரத்தில் நான் ஒன்பது. நாள் கணக்குக்குப் போதாவிட்டால் அரைப்பேர்தான் விழும், அரைநாள் வேலை செய்ததாக. முதல் கிழமை முழுவதும் எனக்கு அரைப்பேர்.

இரண்டாம் கிழமை கங்காணி என் கொழுந்தைத் தராசில் போட்டுவிட்டு, "பதினாறரை" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கூடை முன்னைப் போல் நிறைந்திருக்கவில்லை. நிரையில் எனக்குப் பின்னால் வருகிறவள் அவள்தானே, கை கையாகத் தன் கொழுந்தை என் கூடைக்குள் போட்டிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது, "ஏம்மா?" என்று கேட்டேன். "தூக்கிக் குடுக்க ஒனக்கு மட்டுந்தான் தெரியுமாக்கும்" என்றாள். தெரிவு நாளுக்குப் பிறகு அவள் என்னைக் கேலி செய்தது அதுதான் முதல் தடவை. ஊர்மி, எனக்கு அவள்மேல் இருக்கிற அன்பைச் சொல்லத் தெரியவில்லை, உன்னிடமாவது எழுதிவைக்கிறேன்.

உன் எண்கள் நடக்கின்றன. லயத்தின் கடைசி அறையான தொங்கக் காம்பராவின் சுவரில் கரியால் எழுதிவைத்திருக்கிறோம், எண்ணுக்குப் பக்கத்தில் படம். ஒன்றுக்குச் சிரிக்கிற முகம், மூன்றுக்கு ரயில், ஒன்பதுக்குக் கைவிலங்கு. அழகன் விடுபட்டு ஊருக்கு வந்திருந்தபோது வரைந்தது, அதனால் கைவிலங்கு மட்டும் நன்றாக வந்திருக்கிறது. போன் இப்போது யாருடையதும் இல்லை. செவனம்மா அக்கா வேலை முடிந்து ஏறிப்போய், நாக்கைக் கடித்துக்கொண்டு, 1 அமுக்குகிறாள். அவளே அமுக்கி அவளே பதிலைப் பார்க்கிறாள். நான் பாறைக்குப் போய் ஒரு மாதமாயிற்று.

ஆனால் நேற்றுப் பின்னேரம் அவள் மேலே பாறையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "புள்ள, ஒரு ரெண்டு வந்துருக்கு! யாருக்குக் காசு? நம்பரு யாருதுன்னே தெரியல!" பெண்களெல்லாம் தங்கள் பிள்ளையின் நம்பரா என்று வந்து பார்த்தார்கள். யாருடையதும் இல்லை.

நான் வாங்கிப் பார்த்தேன். வெறும் 2, வேறொன்றும் இல்லை. மாஸ்டரிடம் ஓடிக் காட்டினேன். உங்கள் ஒழுங்கை முனையில் இருக்கிற கடைக்காரரின் பழைய நம்பராம், போனை அங்கே திறந்துவிட்டார்களாம். யாரிடமோ இரவல் வாங்கி, ஒரே ஒரு அமுக்கு அமுக்கியிருக்கிறாய், கழுதை.

காசு இல்லையென்று செவனம்மா அக்காவிடம் சொன்னேன். இது எங்கள் ஆட்டத்துக் கணக்கு, உயரமாகத் தூக்கிப் போடு, நான் தூரத்திலிருந்து ஓடி வருகிறேன் என்று அர்த்தம் என்றேன். "வர்றாளா?" என்று கேட்டாள். பாஸ் இல்லை, எப்போது வருவாளோ தெரியாது என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். இந்தக் கையால் நான் எதை உயரத் தூக்குவது என்று கேட்கிறாளோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. பாறைக்கு ஏற வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ஏறினேன். இடது கைக்கும் அந்த ஒரு பொத்தான் தெரிந்திருந்தது. 2 அமுக்கி அனுப்பினேன்.

உயரமாகத்தான் போட்டிருக்கிறேன், ஊர்மி. பதறாமல் ஓடி வா. பந்து இன்னும் கீழே வரவில்லை.

லெச்சுமி